மறைக்கப்பட்ட பெறுபேறும் குறைந்துபோகும் பட்டமும்

யூனியன்வில் புகையிரத நிலையத்திலிருந்து காலையில் ரொறன்ரோ நகர மையத்துக்குப் புறப்படும் வண்டியில் ஏறும் தமிழ் மாணவர்கள் எல்லோரும் விரிவுரைக்குத்தான் செல்கின்றனர் என்று அவர்களின் பெற்றோர் நம்புகின்றனர். பெரும்பாலோர் அவ்வாறே செல்கின்றனர். சிலர் செல்வதில்லை. முதலாண்டில் ஒரு பாடத்தில் சித்தியடையாமற் போனதை வீட்டிற் சொல்லும் துணிவின்றி, நூலகத்தின் மூலையொன்றில் பொழுதைப் போக்கிவிட்டு மாலை வண்டியில் திரும்பி, "பரீட்சை எப்படி?" என்ற கேள்விக்குப் "பரவாயில்லை அம்மா" என்று மறுமொழி சொல்லும் பிள்ளைகள் மார்க்கத்திலும் உள்ளனர், ஸ்காபுரோவிலும் உள்ளனர். அந்தப் "பரவாயில்லை" என்ற ஒரு சொல்லே பின்னர் பட்டத்தின் தரத்தைத் தின்றுவிடுகிறது.

சித்தியடையாமை ஒரு குற்றமன்று. அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதைப் புலம்பெயர்ந்த பெற்றோரிற் பலர் அறியார். அறியாத இடத்தில் அச்சம் குடியேறுகிறது. அச்சம் குடியேறிய வீட்டில் உண்மை பேசப்படுவதில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தின் மார்க்கம் வளாகம் 2024ஆம் ஆண்டு யூனியன்வில் நிலையத்துக்கு அண்மையிலேயே திறக்கப்பட்டது. பல்கலைக்கழகம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதன் விதிகளோ இன்னும் வீட்டினுள் வரவில்லை.

பெற்றோரின் மனத்திலுள்ள விதிகள் வேறொரு மண்ணுக்குரியவை. இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். முதல் தடவையில் தவறியவர் இரண்டாம் தடவையில் நல்ல பெறுபேறு பெற்றால், பழைய பெறுபேறு அவரது பல்கலைக்கழக அனுமதியைத் தடுப்பதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்ளே நிலைமை வேறு. அங்கு பெரும்பாலான பீடங்களில், மீளத் தோற்றுபவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு, அதாவது 2.0 புள்ளிக்கு, மேற்பட்ட தரத்தைப் பெற முடியாது. முதல் வகுப்புக்கு 3.70 சராசரியும், இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவுக்கு 3.30 சராசரியும் வேண்டப்படும் முறையில் இந்த வரம்பு பெரிய இழப்பாகும். தமிழ்நாட்டின் அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அரியர்' வைத்த மாணவர் பின்னர் எவ்வளவு உயர்ந்தாலும், எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியவருக்கு உரிய 'சிறப்புடன் கூடிய முதல் வகுப்பு' அவருக்குக் கிடைப்பதில்லை. பிரித்தானியாவிலும் மீள்பரீட்சையின் புள்ளி பெரும்பாலும் 40 என்ற சித்தியெல்லையிலேயே மட்டுப்படுத்தப்படுகிறது. ஒரு தடவை விழுந்தவன் விழுந்தவனே என்ற எண்ணம் இந்த முறைகளிலிருந்து பிறந்தது. அதையே பெற்றோர் கனடாவுக்கும் கொண்டுவந்துள்ளனர்.

கனடாவின் விதி இதனினும் வேறு. முதலாவதாக, இங்கு மீள்பரீட்சை என்ற ஒன்று பொதுவாக இல்லை. நோயினாலோ வேறு தக்க காரணத்தினாலோ பரீட்சைக்குத் தோற்ற முடியாதவருக்கு அதனைப் பிற்போட்டு எழுத வழியுண்டு. எழுதித் தவறியவரோ பாடநெறி முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். அதற்கான கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். அந்தப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறையே நடத்தப்படுமானால், அதனை அடிப்படையாகக் கொண்ட அடுத்த பாடங்களும் ஓராண்டு தள்ளிப்போகும். "அடுத்த மாதம் திருப்பி எழுதலாம்தானே" என்று தேறுதல் சொல்லும் தந்தைக்கு இது தெரிவதில்லை. தெரியாத தந்தைக்கு விளக்க முற்படுவதைவிட மறைப்பது எளிது என்று பிள்ளை முடிவெடுக்கிறது.

இரண்டாவதாக, மீண்டும் எடுத்த பாடம் இறுதிப் பெறுபேற்றில் எவ்வாறு சேரும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். யோர்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் எடுத்துப் பெற்ற தரமே சராசரியிற் சேர்க்கப்படும். முதல் முயற்சி பெறுபேற்றுப் பட்டியலில் மட்டும் நிற்கும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் பீடத்தில், சித்தியடையாத பாடத்தின் பூச்சியமும் பின்னர் பெற்ற தரமும் ஆகிய இரண்டுமே தரப்புள்ளிச் சராசரியில், அதாவது மாணவர் 'ஜீ.பி.ஏ.' என்று சொல்லும் கணக்கில், சேர்க்கப்படுவது பொது விதி. ஒரே வீதியில் வாழும் இரு மாணவர்களின் ஒரே தவறுக்கு இரு வேறு விலைகள் உள்ளன. எந்த விலை தன் பிள்ளைக்குரியது என்பதை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

கடுமையான விதியையே எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டத்துக்கு 20 அலகுகள் வேண்டும். அரையலகுப் பாடங்களாக எண்ணினால் 40. தேறிய 40 பாடங்களிலும் 3.40 சராசரி பெற்ற ஒரு மாணவர், முதலாண்டில் ஒரே ஒரு பாடத்தில் தவறி, பின்னர் அதனை மீண்டும் எடுத்துத் தேறினார் எனக் கொள்க. அவரது மொத்தப் புள்ளி 136. அதனை 41ஆல் வகுத்தால் 3.32 வரும். பட்டத்தில் 'டிஸ்ரிங்ஷன்' என்ற சிறப்பு பொறிக்கப்படுவதற்கு அங்கு வேண்டப்படும் சராசரி 3.20. ஆகவே அந்த மாணவர் சிறப்புடனேயே பட்டம் பெறுவார். ஒரு தவறு அவரிடமிருந்து பறித்தது ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு.

அதே மாணவர் அந்த முதல் தவறை மறைத்தார் எனக் கொள்க. மறைத்ததனால் பாடச்சுமையைக் குறைக்க அவரால் முடியவில்லை. குறைத்தால் வீட்டிற் காரணம் கேட்பார்கள். அடித்தளம் இல்லாமலே அடுத்த கட்டப் பாடத்தை எடுக்கிறார். ஆலோசகரிடம் செல்லவில்லை. மேலும் மூன்று பாடங்களில் தவறுகிறார். பின்னர் அவையனைத்தையும் மீண்டும் எடுத்துத் தேறினாலும் அதே 136 புள்ளியை இப்போது 44ஆல் வகுக்க வேண்டும். விடை 3.09. சிறப்பு போய்விட்டது. அதனைக் கொண்டுபோனவை மறைத்த பின் வந்த மூன்று தவறுகளே.

இந்தச் சரிவு அத்தோடு நின்றுவிடுவதுமில்லை. அதே பீடத்தில் மொத்தச் சராசரி 1.50க்குக் கீழிறங்கினால் மாணவர் நன்னடைக் கண்காணிப்பு நிலையில் வைக்கப்படுவார். அந்நிலையில் அடுத்த தவணையில் குறைந்தது 1.70 சராசரியைக் காட்டாவிடின் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்படுவார். மாகாண அரசின் கல்விக் கடனாகிய ஓசாப் உதவியும், பாடங்களை முடிக்காதவருக்குத் தடைப்படலாம். முதற் படியிலேயே நிறுத்தியிருக்கக்கூடிய வீழ்ச்சி இது.

நிறுத்துவதற்கான வழிகளைப் பல்கலைக்கழகங்களே வைத்துள்ளன. குறித்த ஒரு திகதிக்கு முன் பாடத்தைக் கைவிட்டால் அதன் தரம் சராசரியைத் தொடுவதில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இலையுதிர்காலத் தவணைக்குரிய அந்தத் திகதி வழமையாக நவம்பரில் வரும். அத்திகதி கடந்த பின்னரும், கலை அறிவியல் பீடத்தில் பதிவாளர் அலுவலகத்தினூடாகத் தாமதமாக விலகுவதற்கு வரையறுக்கப்பட்ட வாய்ப்புண்டு. யோர்க்கில் 'டபிள்யூ' என்ற குறியுடன் தவணையின் இறுதி வகுப்பு நாள்வரை விலகலாம். இவை சலுகைகளல்ல, மாணவரின் உரிமைகள். ஒக்டோபர் மாத இடைப்பரீட்சையில் 30 புள்ளி வாங்கிய பிள்ளை அதனை அன்று மாலையே வீட்டிற் சொல்லக்கூடியதாக இருந்தால், அந்த உரிமையைப் பயன்படுத்துவதா இல்லையா என்று ஆறுதலாக முடிவெடுக்கலாம். சொல்ல முடியாத பிள்ளை திகதியைத் தவறவிடுகிறது. அதன் பின் வருவது வெறும் நம்பிக்கை.

பெற்றோர் பல்கலைக்கழகத்திடம் நேரிற் கேட்டறியலாம் என்று எண்ணுவதும் பயனற்றது. ஒன்ராறியோவின் தகவற் சுதந்திர மற்றும் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் 2006 ஜூன் மாதத்திலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துகிறது. மாணவரின் சம்மதமின்றி அவரது புள்ளிகளைத் தாய்தந்தையருக்கு வெளியிடப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதியில்லை. கட்டணம் செலுத்துபவர் யார் என்பது அங்கு கருதப்படுவதில்லை. ஊரில் அதிபரைச் சந்தித்து "பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்ட பழக்கம் இங்கு உதவாது. உண்மை வீட்டுக்குள் வருவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அது பிள்ளையின் வாய். அந்த வாசலை அடைப்பது பல்கலைக்கழகம் அன்று. "இன்னாரின் மகள் மருத்துவபீடம் போய்விட்டாள், நீ என்ன செய்கிறாய்?" என்ற இராச்சாப்பாட்டு நேரத்துக் கேள்வியே அதனை அடைக்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. தவறுவதை இலேசாகப் பேசினால் பிள்ளைகள் சோம்பலடைவார்கள், கண்டிப்பினாலேயே இந்தச் சமூகம் முன்னேறியது என்பர் மூத்தோர். அவர்களின் அச்சத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் தரப்படுத்தலில், சில புள்ளிகளின் வேறுபாடு ஒரு தலைமுறையின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டதை அவர்கள் கண்டவர்கள். 1983இன் பின் உடைமைகளை இழந்து வெளியேறியவர்களுக்குக் கல்வி ஒன்றே எவராலும் எரிக்க முடியாத சொத்தாகத் தெரிந்தது. இவற்றை எவரும் எள்ளி நகையாட முடியாது. ஆயினும் கண்டிப்பு வேறு, மானப்பிரச்சினை வேறு. "ஏன் தவறினாய், இனி என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்பது கண்டிப்பு. "வெளியில் எப்படி முகம் காட்டுவது?" என்று கேட்பது மானப்பிரச்சினை. முதலாவது கேள்விக்குப் பிள்ளையிடம் விடையுண்டு. இரண்டாவதற்கு மௌனம் ஒன்றே விடை. உயர்தரத்தில் இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ தோற்றித் தேறிய பெற்றோர் இந்த நகரில் ஏராளம். தமக்குக் கிடைத்த அந்த இரண்டாம் தடவையைத் தம் பிள்ளைக்கு மறுப்பது எந்த நியாயம்?

தவறுக்கு விலையே இல்லை என்று சொல்வதும் பொய்யாகும். 3.25 சராசரியுடன் எல்லையில் நிற்கும் மாணவர் அந்த ஒரே பூச்சியத்தால் 3.17க்கு இறங்கிச் சிறப்பை இழப்பார். ஒன்ராறியோவின் மருத்துவ பீடங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது நிலையமான ஓம்சாஸ் கணக்கிடும் சராசரியில், மீண்டும் எடுத்த பாடங்களின் எல்லா முயற்சிகளும் அடங்கும். ஆகவே மருத்துவத்தையோ பட்டப்பின் படிப்பையோ நாடுபவர் ஒவ்வொரு பாடத்தையும் கவனத்துடன் எடுக்கவே வேண்டும். இந்த உண்மை மறைப்புக்கு ஆதரவாகாது. விலை உயர்ந்ததாக இருக்குமிடத்தில், அதனை முன்கூட்டியே அறிந்து நவம்பர்த் திகதிக்கு முன் முடிவெடுப்பதே அறிவு.

மறைப்பின் கொடுமை பட்டத்தோடு முடிவதில்லை. ஈராண்டு பொய்யைச் சுமந்த பிள்ளை தன் வீட்டிலேயே அந்நியமாகிறது. அந்தச் சுமை தாங்க முடியாத எல்லைக்குச் சென்றவர் கனடாவின் எவ்விடத்திலிருந்தும், இரவிலும் பகலிலும், 9-8-8 என்ற இலக்கத்தை அழைக்கலாம். எந்தப் பட்டமும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பதைப் பெற்றோர் மனத்தில் வைத்திருந்தால் மட்டும் போதாது. வாயாற் சொல்ல வேண்டும்.

பொறுப்பு பெற்றோரோடு நின்றுவிடவில்லை. தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் மேடை போட்டு முதன்மைச் சித்தி பெற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகின்றன. நல்லது; அது தொடரட்டும். ஆனால் தவறி எழுந்து பட்டம் பெற்ற ஒருவரை அதே மேடையில் ஏற்றிப் பேசவைத்த அமைப்பு எது? பல்கலைக்கழக அனுமதி பற்றி நடத்தப்படும் கருத்தரங்குகளுக்கு நிகராக, அனுமதி பெற்ற பின் வரும் விதிகளைத் தமிழில் விளக்கும் கருத்தரங்குகள் நடத்தப்பட வேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபுரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 இலட்சம் டொலரை 2021இல் திரட்டி முடித்த சமூகம் இது. மீளெடுத்தல், விலகல், மேன்முறையீடு ஆகியவற்றின் விதிகளைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில் வெளியிடுமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்கும் தகுதி அதற்கு இல்லாமற் போகுமா?

இளையோர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. தவறிய வாரத்திலேயே தமது பீடத்தின் அல்லது கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இந்தப் பாடத்தை மீண்டும் எடுத்தால் எந்தத் தரம் சராசரியிற் சேரும்? அது மறுபடி எப்போது நடத்தப்படும்? இந்தத் தவணையில் மீதமுள்ள பாடங்களிலிருந்து விலகும் இறுதித் திகதி எது? விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதனால் நண்பரின் வாய்ச்சொல் போதாது. விடைகளை எழுதிக்கொண்டு வீட்டுக்குச் சென்று, கணக்கையும் தீர்வையும் ஒன்றாக வைத்துப் பேசினால், பெற்றோரின் கோபம் பாதியாகக் குறையும்.

தமிழ் வர்த்தக நிலையங்கள் தரும் நாட்காட்டி இல்லாத தமிழ் வீடு யூனியன்வில்லில் அரிது. அதில் தீபாவளிக்கு அண்மையில், பாடத்திலிருந்து விலகும் இறுதித் திகதியையும் தாய் தன் கையால் குறித்துவைக்கட்டும். அந்தத் திகதிக்கு ஒரு வாரம் முன்பாகப் பிள்ளையை அருகிலழைத்து, "ஏதாவது பாடம் கடினமாக இருக்கிறதா? இருந்தால் சொல், யோசிப்போம்" என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி, தனியார் வகுப்புகளுக்குக் கொட்டும் ஆயிரம் டொலரை விட அதிகமாக அந்தப் பட்டத்தைக் காப்பாற்றும்.