தீவனத்தில் கலந்த மருந்து

பண்ணை விலங்குகளின் தீவனத்தில் கிருமிக்கொல்லி மருந்துகளைக் கலப்பது இலாபமா, நஷ்டமா என்னும் கேள்வி பல தேசங்களில் எழுந்துள்ளது. பன்றி வளர்ப்பில் இக்கேள்விக்குச் செயலால் விடை கண்டவர்கள் டென்மார்க் நாட்டுக் குடியானவர்கள். 1887-ஆம் ஆண்டிலேயே ஹோர்சன்ஸ் நகரில் தங்கள் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடத்தை நிறுவியவர்கள் அவர்கள். அவர்களுடைய அனுபவம் நம் அங்கத்தினர் அனைவரும் அறியத்தக்கது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு விந்தையானது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இரு அறிஞர்கள், ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தனர். குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. பன்றிக்குட்டிகளிடத்தும் இப்பலன் காணப்பட்டது. 1950 முதல் 1985 வரை அந்நாட்டில் நடந்த சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, 7 முதல் 25 கிலோ எடையுள்ள குட்டிகளின் வளர்ச்சி சுமார் 16 சதவிகிதம் மிகுந்திருந்தது. வளர்ந்த பன்றிகளிடத்தில் அம்மிகுதி சுமார் 4 சதவிகிதமே.

இளங்குட்டிக்கு மட்டும் இத்துணைப் பலன் ஏன்? பால்குடி மறக்கச் செய்யும் நாட்களே அதற்குப் பெருஞ்சோதனை. தாய்ப்பால் தந்த பாதுகாப்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. இரைப்பையில் புளிப்பு இன்னும் போதிய அளவு சுரப்பதில்லை. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்போன்ற நீட்சிகள் குறுகிவிடுகின்றன. செரியாது தங்கிய தீவனத்தில் ஈ.கோலை போன்ற கிருமிகள் பெருகிக் கழிச்சல் காண்கிறது. மருந்து அக்கிருமிகளை அடக்குவதால் குட்டி தேறுகிறது. ஆனால் சீக்கிரமே தாயைப் பிரித்தல், நெருக்கமான கொட்டில், அசுத்தம் ஆகிய குறைகளையும் அதே மருந்து மூடி மறைத்துவிடுகிறது.

அம்மறைப்புக்கு மனிதர் விலை கொடுக்க நேர்ந்தது. நாள்தோறும் சிறு அளவில் மருந்துண்ட விலங்கின் குடலில், மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சிப் பெருகுகின்றன. தீவனத்தில் கலந்த அவோபார்சின் என்னும் மருந்து, மனிதர் உயிர்காக்கும் வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவு. ஒன்றுக்கு அடங்காத கிருமி மற்றதற்கும் அடங்குவதில்லை. ஆகவே 1995-இல் டென்மார்க் அதனைத் தடைசெய்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. 1998-இல் வளர்ந்த பன்றிகளுக்கும், 1999 முடிவதற்குள் குட்டிகளுக்கும், வளர்ச்சிக்கெனத் தீவனத்தில் மருந்து கலப்பதை அந்நாட்டுப் பன்றி வளர்ப்போர் தாமே முன்வந்து நிறுத்தினர். தொல்லை இல்லாமலில்லை. பால்மறந்த குட்டிகளிடையே கழிச்சல் மிகுந்தது. சிகிச்சைக்கான மருந்துச் செலவும் சிலகாலம் ஏறிற்று. எனினும் 1992-க்கும் 2008-க்கும் இடையில், ஒரு கிலோ பன்றி உற்பத்திக்குச் செலவான மருந்து பாதிக்குமேல் குறைந்தது. ஆண்டு உற்பத்தியோ 1 கோடியே 84 இலட்சம் பன்றிகளிலிருந்து 2 கோடியே 71 இலட்சமாக உயர்ந்தது. 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

குறையையும் மறைத்தல் ஆகாது. கழிச்சலைத் தடுக்கப் பலர் துத்தநாக ஆக்ஸைடை மருந்தளவில் கொடுக்கலாயினர். அது மண்ணில் தங்குவதாலும், மருந்துக்கு அடங்காக் கிருமிகளுக்குத் துணைபோகக்கூடும் என்பதாலும், 2022 ஜூனில் அதுவும் நிறுத்தப்பட்டது. ஓர் ஊன்றுகோலை விட்டவர் மற்றொன்றைப் பற்றினால் கால் வலுப்பெறாது. குட்டியைத் தாயிடம் கூடுதல் நாட்கள் விடுதல், எளிதில் செரிக்கும் தீவனம், உலர்ந்த கொட்டில், கதகதப்பு ஆகியவையே நிலையான வழி.

தனியொருவர் மருந்தைக் கைவிட்டால், முதலாண்டின் நஷ்டம் அவர் ஒருவர் தலையில் விழும். அண்டைவீட்டார் எடையில் முந்துவர். எல்லோரும் ஒருங்கே கைவிட்டால் முந்துவாரும் இல்லை, பிந்துவாரும் இல்லை. சங்கம் என்பது இதற்கன்றோ? நம் நாட்டிலும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் சட்டம் ஒவ்வொரு கொட்டிலிலும் காவல் நிற்க இயலாது. ஆடு, மாடு, கோழி, பன்றி வளர்க்கும் அங்கத்தினர், வாங்கும் தீவனத்தில் என்ன கலந்துள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். சங்கங்களும் தனித்தனியே அன்றி ஒருமுகமாக அக்கேள்வியைக் கேட்பின், தீவனம் விற்போர் பதில் கூறியே தீரவேண்டும்.