பல்தென் லாமோவைத் தமிழில் எப்பெயரால் சுட்டுவது?

திபெத்தியத் துணிச்சுருள் ஓவியங்களாகிய தங்காக்களில் சினக்கோலப் பெண் தெய்வம் ஒன்றைக் கண்டவுடன் ‘காளி’ எனப் பெயரிட்டு அமைவது எளிது. அவ்வெளிமை ஆய்வுக்கு ஊறு விளைப்பது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. பல்தென் லாமோ இதற்குத் தக்க சான்று.

கருநீல மேனியும் முக்கண்ணும் உடைய இத்தெய்வம், குருதிக் கடலின்மீது கோவேறு கழுதையில் அமர்ந்து செல்வதாகத் தீட்டப்படுகிறது. கைகளில் தண்டும் மண்டையோட்டுக் கிண்ணமும். உந்தியில் ஞாயிறு, கூந்தலில் பிறை. சேணத்தில் நோய்ப்பையும் சூதுக்காய்களும் தொங்குகின்றன. மகரமுகத்தாள் முன்செல்ல, சிங்கமுகத்தாள் பின்தொடர்கிறாள். இக்குறிகளுட் சில நமக்குப் பழகியவை; ஆதலின் கண் காளியை நாடுகிறது.

பெயரோ வேறு திசை காட்டுகிறது. பல்தென் லாமோ என்பது ‘ஸ்ரீதேவி’ என்னும் வடசொல்லின் திபெத்திய வடிவம். அதனை அப்படியே தமிழாக்கின் ‘திருமகள்’ என்றாகும். கெலுக் மரபில் சிறப்புற்ற மக்சோர் கியல்மோ என்னும் இவளது வடிவமோ கலைமகளின் சினக்கோலமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே ஓவியத்துக்கு நம்மிடம் மூன்று பெயர்கள். மூன்றும் தனித்து நின்றால் பிழையே.

கழுதையின் பின்புறத்தில் ஒரு கண் வரையப்பட்டிருக்கும். அதன் காரணத்தைத் திபெத்தியக் கதை கூறுகிறது. இலங்கை அரக்க மன்னனின் மனைவியான இவள், அவன் குலத்தைப் பௌத்த அறத்துக்குத் திருப்புவேன், இயலாதேல் அக்குலத்தையே அழிப்பேன் எனச் சூளுரைத்தாள். முன்னது கைகூடாமையின் தன் மகனைக் கொன்று, அவன் தோலைச் சேணமாக்கி வெளியேறினாள். மன்னன் எய்த அம்பு கழுதையைத் தைத்தது. அப்புண்ணை அவள் கண்ணாக மாற்றினாள். (கதையின் இலங்கையை நிலவியலோடு பொருத்த முனைவது வீண்.) காளி அழிப்பது புறத்தே நின்ற அசுரரை, இவள் அழித்தது தான் பெற்ற பிள்ளையை. ‘காளி’ என எழுதியவுடன் அச்சேணம் வெறும் தோலாகவும் அக்கண் வெறும் அணியாகவும் குறுகிவிடுகின்றன.

எனவே, ஓவியக் குறிப்புகளில் ‘பல்தென் லாமோ’ என்றே முதலில் எழுதுதல் வேண்டும். ‘ஸ்ரீதேவி’ என்பதைப் பெயர்ப்பொருளாகவும், கலைமகள் தொடர்பை வடிவ விளக்கத்திலும் தரலாம். காளியோடும் கொற்றவையோடும் ஒப்பிடுவதற்குத் தடையில்லை. அவ்வொப்பீடு சேணத்தையும் கண்ணையும் விளக்கிய பின்னரே தொடங்கட்டும்.