தூக்குக் கயிறு திரும்பி வந்த கதை

தக்கலையில் பஸ்சை விட்டு இறங்கி, இரண்டு கிலோ மீட்டர் போனால் பத்மநாபபுரம் அரண்மனை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். மரவேலைப்பாட்டைக் கண்டு மலைப்பவர்கள் ஒரு பக்கம். கண்ணாடி போல மின்னும் கருந்தரையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். பழைய மணிக்கூண்டை அண்ணாந்து பார்ப்பவர்கள் ஒரு பக்கம்.

இவ்வளவையும் பார்த்து ரசித்தவர்கள், அங்குள்ள பொருட்காட்சியில் ஒரு பொருளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அது ஓர் இரும்புக் கூடு. ஆள் உருவத்தில் செய்தது. "சித்திரவதைக் கூடு" என்று பெயர். குற்றவாளியை அதற்குள் வைத்துப் பூட்டி, உயரத்தில் தொங்கவிட்டு விடுவார்கள். வெயிலும் பசியும் பாதி வேலையைச் செய்யும். மீதியைக் கழுகும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

கொஞ்ச நேரம் மவுனம். பிறகு கூட்டத்தில் ஒருவராவது, "இப்படித் தண்டித்ததால்தான் அந்தக் காலத்தில் களவும் கொலையும் இல்லாமல் இருந்தது" என்பார். சுற்றி நிற்பவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

களவும் கொலையும் இல்லாத நாட்டில் இந்தக் கூட்டைச் செய்யக் கொல்லனுக்கு வேலை எப்படி வந்தது? இதை யாரும் கேட்பதில்லை. போகட்டும். கடுந்தண்டனை இருந்தால் குற்றம் குறையுமா, தண்டனை தளர்ந்தால் குற்றம் பெருகுமா என்ற கேள்விக்கு எங்கோ சீமையில் விடை தேட வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

எருமை மேல் ஊர்வலம்

முதலில் பழைய கதை ஒன்று. அந்தக் காலத்தில் தண்டனை என்றால் பத்துப் பேர் பார்க்க வேண்டும். பார்க்காத தண்டனை தண்டனையே அல்ல.

மார்த்தாண்டவர்மா மன்னரின் காலத்தில் அரண்மனை அதிகாரியாக இருந்தவர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை. 1745-ல் கிறிஸ்தவராகித் தேவசகாயம் என்று பெயர் பெற்றார். 1749-ல் கைதானார். கழுத்தில் எருக்கம்பூ மாலை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக ஊர்வலம். தக்கலைக்குப் பக்கத்துப் புலியூர்க்குறிச்சி வழியாகவும் அவரைக் கொண்டு போனார்கள் என்று கத்தோலிக்கர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மதம் மாறியதற்கா, ராஜத்துரோகத்துக்கா, எதற்காக இந்தத் தண்டனை என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் எருமைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு போன கூட்டத்துக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. சர்க்கார் பிடித்த ஆள் என்றால் குற்றவாளிதான். 2022 மே 15-ந் தேதி அதே மனிதரை ரோமாபுரியில் புனிதர் என்று அறிவித்தார்கள். இடையில் போனது 270 ஆண்டுகள்.

இன்னொன்று, சுசீந்திரத்தில் நடந்த கைமுக்கு. நெறி தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடப்பதை எடுக்க வேண்டும். கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லை என்றால் நிரபராதி, இருந்தால் குற்றவாளி. சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம். அன்றைய அறிஞர்களும் இதை நம்பினார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் இது நின்றது.

மகாராஜா எடுத்த முடிவு

1944-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் முடியவில்லை. அன்று தக்கலையும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தன. சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சி, சர் சி.பி. ராமசாமி அய்யர் திவான். கொலைக் குற்றத்துக்கு இனித் தூக்கு இல்லை என்று சமஸ்தானம் அறிவித்தது. பிரிட்டனிலும் பிரான்சிலும் தூக்கும் கழுத்துவெட்டும் இருந்த காலம் அது!

தூக்குப் போடும் ஆராச்சாரின் வாழ்க்கையை அடூர் கோபாலகிருஷ்ணன் 2002-ல் "நிழல்குத்து" என்ற மலையாளப் படமாக எடுத்தார். 1940-களின் திருவிதாங்கூரில் நடக்கும் கதை. தான் தூக்கில் போட்டவன் நிரபராதி என்ற எண்ணம் ஆராச்சாரை அரிக்கிறது. குடித்துக் குடித்து மறக்கப் பார்க்கிறான். அவன் வீட்டுத் தூக்குக் கயிற்றை எரித்த சாம்பலுக்கு நோய் தீரும் என்று ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். மன்னரோ பாவம் தன்னைச் சேராதிருக்க மன்னிப்பு ஓலை அனுப்புகிறார். அது தூக்கு முடிந்த பிறகுதான் ஜெயிலுக்கு வந்து சேரும்! நீதிபதி சட்டத்தைக் காட்டுவார், மன்னர் ஓலையைக் காட்டுவார். கயிற்றை இழுத்தவன் யாரைக் காட்டுவான்?

தூக்கை நிறுத்தியதால் அந்த சர்க்காரைக் கருணை வடிவம் என்று எண்ணிவிட வேண்டாம். 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவரையும் எந்தக் கோர்ட்டும் விசாரித்துத் தண்டிக்கவில்லை. கோர்ட்டு கொல்லக்கூடாது, பட்டாளம் கொல்லலாம். அப்படி ஒரு விசித்திரமான நியாயம்.

962-ம் 967-ம்

பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. நாட்டுக்கெல்லாம் ஒரே சட்டம் வந்தது. அதோடு தூக்குக் கயிறும் திரும்பி வந்தது.

இந்த இடத்தில்தான் அந்தக் கணக்கு. தூக்குத் தண்டனை பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது. 1945 முதல் 1950 வரை, தூக்கு இல்லாத காலத்தில், திருவிதாங்கூரில் நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பி வந்தபின், 1950 முதல் 1955 வரை நடந்த கொலைகள் 967.

வித்தியாசம் ஐந்து! அதுவும் தூக்கு இருந்த காலத்தில்தான் அதிகம்.

இதை வைத்துக்கொண்டு, தூக்கு வந்ததால் கொலை கூடியது என்று வாதாடுவது சரியல்ல. ஜனத்தொகையும் பெருகியது. காலமும் மாறியது. ஆனால், தூக்கு இல்லாவிட்டால் தெருவெல்லாம் ரத்தம் ஓடும் என்று பயமுறுத்தினார்களே, அந்தப் பயத்துக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை. தூக்கு போனபோது அரிவாள் எடுத்தவர்கள் பெருகவில்லை. தூக்கு வந்தபோது அரிவாளைக் கீழே போடவும் இல்லை. வரப்புத் தகராறிலும் குடிவெறியிலும் கை ஓங்குகிறவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா ஓங்குகிறான்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1955 வரை இந்தியாவில் கொலைக்குத் தூக்கு என்பதே வழக்கம். ஆயுள் தண்டனை கொடுக்கும் நீதிபதி, ஏன் தூக்குப் போடவில்லை என்று காரணம் எழுத வேண்டும். அவ்வளவு கெடுபிடியான காலத்துக் கணக்குதான் 967. பிற்பாடு 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாகத் திருப்பியது. தூக்குப் போட்டால்தான் தனிக் காரணம் எழுத வேண்டும் என்றது. 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு, "அரிதிலும் அரிதான" வழக்குகளில் மட்டுமே தூக்கு என்று வரம்பு கட்டியது.

இடையே 1958-ல் ராஜ்யசபையில் தூக்கை ஒழிக்க ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் யார் தெரியுமா? இந்தி நடிகர் பிருதிவிராஜ் கபூர்! விவாதம் நடந்தது, அத்தோடு தீர்மானத்தை அவர் வாபஸ் வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து "மொகலே ஆஜம்" படத்தில், அனார்கலியை உயிரோடு சமாதி வைக்க உத்தரவிடும் அக்பராக அவரே வந்தார்.

ஒரே நாள், இரண்டு தீர்ப்பு

அரிதிலும் அரிது எது? அளக்க அளவுகோல் உண்டா?

2025 ஜனவரி 20-ந் தேதி, பழைய திருவிதாங்கூர் மண்ணான நெய்யாற்றின்கரையில், ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. அதே நாளில் கொல்கத்தாவின் சியால்தா கோர்ட்டில் இன்னொரு தீர்ப்பு. மருத்துவமனைக்குள்ளேயே பெண் டாக்டர் கற்பழித்துக் கொல்லப்பட்ட வழக்கு, நாடே கொதித்தது. அது அரிதிலும் அரிதல்ல என்று சொல்லி நீதிபதி ஆயுள் தண்டனை கொடுத்தார். எது சரி, எது தவறு என்பது மேல் கோர்ட்டுகளின் வேலை. ஆனால் ஒரே நாட்டில், ஒரே நாளில், உயிர் போவதும் நிற்பதும் யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து நடந்தது.

அதை விடப் பெரிய எச்சரிக்கை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனிக்கோர்ட்டு 26 பேருக்குத் தூக்கு என்றது. மறு ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. மூன்று பேருக்கு ஆயுள். பாக்கி 19 பேரும் விடுதலை. அந்த நான்கு பேரின் தூக்கும் பிறகு ரத்தானது. உடனே தொங்கவிட வேண்டும் என்று தெருவில் கேட்கும் குரலுக்கு அன்று செவி சாய்த்திருந்தால்? 19 பேரை எந்தத் தீர்ப்பு எழுப்பியிருக்கும்? நெய்ச்சட்டியை நம்பியவர்களைப் பார்த்து இன்று சிரிக்கிறோம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள்

"உன் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவாயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையைக் கொலைக்குக் கொடுத்த தாயிடம் போய் 962, 967 என்று கணக்குச் சொல்ல முடியாது. கூடவும் கூடாது.

ஆனால் அந்தத் தாய் படுகிற பாடு என்ன? முதலில் போலீஸ் நிலையத்தில் புகாரை வாங்க வேண்டும். பிறகு ஆளைப் பிடிக்க வேண்டும். சாட்சி கலையாமல் இருக்க வேண்டும். தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் கோர்ட்டானாலும் சென்னைக் கோர்ட்டானாலும், வாய்தா வாய்தா என்று நடந்து செருப்புத் தேய்கிறது. தப்பிவிடலாம் என்ற தைரியத்தில்தான் பாதிப் பேர் குற்றம் செய்கிறார்கள். அகப்படுவது நிச்சயம் என்று தெரிந்தால் கை நடுங்கும். அதற்கு ஆளும் பணமும் வேண்டும், அரசாங்கத்துக்குச் செலவு. தூக்கில் போடு என்று கத்துவதற்குச் செலவே இல்லை.

கேடி

கடைசியாக ஒரு தண்டனை. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

சுட்டித்தனம் செய்யும் பிள்ளையைச் செல்லமாகக் "கேடி" என்று திட்டுகிறோம். பழைய குற்றவாளிகளுக்குப் போலீசார் வைத்திருந்த பட்டியலின் ஆங்கிலப் பெயரில் உள்ள இரண்டு முதலெழுத்துகள்தான் அந்தச் சொல். போலீஸ் ஏட்டிலிருந்து இறங்கி வந்து நம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை பட்டியலில் ஏறியவனைச் சுலபத்தில் இறக்கிவிட மாட்டார்கள். ஊரில் எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

சுசீந்திரம் என்ற பெயருக்குப் பொருள், இந்திரன் தூய்மை பெற்ற இடம் என்பது. அகலிகையிடம் செய்த பிழைக்குக் கவுதமர் கொடுத்த சாபம் அங்கே தீர்ந்தது என்று தல புராணம் சொல்கிறது. சாபம் தீர்ந்ததும் இந்திரன் தேவலோகத்துக்குப் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டான். எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாளையங்கோட்டை ஜெயிலில் பத்து வருஷம் இருந்துவிட்டு, தக்கலை பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறவன் நிலைமை வேறு. அவன் தண்டனை முடிந்தது என்று சர்க்கார் சீட்டுக் கொடுத்திருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை கேட்டுப் போகிறான். உடம்பில் வலு இருக்கிறது, தொழிலும் தெரியும். முதலாளி அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.

"இத்தனை வருசமும் எங்கடே கெடந்தே?"