வரியே இல்லாதவனிடம் வரிப் பிடித்தமா?

ஆனையூரில் விடியுமுன் பஸ் ஏறி ஆலைக்குப் போகும் தொழிலாளிக்கும், அலங்காநல்லூர், வாடிப்பட்டி வயல்களில் நாற்று நடும் விவசாயத் தொழிலாளிக்கும் வருமான வரியோடு என்ன சம்பந்தம்? “அது பணக்காரன் சமாச்சாரம்” என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தவறு, தோழர்களே! நம் மடியிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

1952ல் பிராவிடண்டு பண்டு சட்டம் வந்தபோது, முதன்முதலில் அதில் சேர்ந்த ஆறு தொழில்களில் பஞ்சாலைத் தொழிலும் ஒன்று. அந்த நிதி யாரும் போட்ட தர்மமல்ல. மாதாமாதம் கூலியில் பிடித்துச் சேர்த்த பணம். ஐந்தாண்டு சர்வீஸ் முடியுமுன் அதை எடுத்தால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், நூற்றுக்குப் பத்து வரி பிடித்துக்கொண்டுதான் மிச்சம் தருகிறார்கள். பான் எண் இல்லாவிட்டால் நூற்றுக்கு இருபது. 2023 ஏப்ரலுக்கு முன்பு அது 34க்கும் மேல்! 2019 செப்டம்பரில் சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரியை 22 சதமாக இறக்கிய சர்க்கார், பான் அட்டை இல்லாத கூலிக்காரனிடம் மட்டும் கோடீஸ்வரனுக்குரிய விகிதத்தில் பிடித்தது. இது என்ன நியாயம்?

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஆலைத் தொழிலாளி மூன்றாண்டு வேலை பார்த்து வேலையை இழக்கிறாள். அவள் பங்கு 12 சதம்: மாதம் 1,440 ரூபாய். முதலாளி பங்கில் பென்ஷனுக்குப் போனது போகப் பண்டில் சேர்வது சுமார் 440. முப்பத்தாறு மாதத்தில் வட்டி நீங்கலாக 67,680 ரூபாய். அதில் 51,840 அவளே போட்ட காசு! பிடித்தமோ 6,768, பான் இல்லையென்றால் 13,536.

அவளுடைய ஆண்டு வருமானம் 1,44,000. புதிய முறையில் 2025–26ஆம் நிதியாண்டு முதல் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆக, அவள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இன்னொன்றும் உண்டு. தன் சந்தாவைக் காட்டி வரிக்கழிவு பெறாதவர் அதைத் திரும்ப எடுக்கும்போது, அந்தப் பங்குக்கு வரி இல்லை என்பது சட்டத்தின் கணக்கே. புதிய முறையிலோ சந்தாவுக்கு வரிக்கழிவே கிடையாது. சலுகையும் இல்லை, பிடித்தம் மட்டும் உண்டு!

“முதுமைக்கான சேமிப்பை இடையில் எடுக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு” என்கிறார்கள். யாரிடம் இந்த உபதேசம்? ஆலை வாசலில் நிறுத்தப்பட்டவன் கேளிக்கைக்கா பண்டை எடுக்கிறான்? அடுப்பெரியவும் பிள்ளை பள்ளிக்கூடம் போகவும்தானே எடுக்கிறான்? சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்து ஏழைப் பெண்களை மூன்றாண்டுக்கென்று ஆலைக்குள் அடைத்தார்களே, அந்தப் பெண்கள் ஐந்தாண்டை எப்படிப் பூர்த்தி செய்வார்கள்? வேலையை நிரந்தரமாக்காத முதலாளிக்குத் தண்டனை இல்லை. நிரந்தரமாகாத தொழிலாளிக்குத் தண்டனை!

“ரிட்டர்ன் போட்டால் பணம் திரும்ப வந்துவிடுமே” என்பது அடுத்த பதில். வரும். ஆனால் ஒருநாள் கூலியை இழந்து, கம்ப்யூட்டர் சென்டருக்கும் காசு கொடுத்து, கொடுக்க வேண்டாத பணத்துக்காக நாம் ஏன் அலைய வேண்டும்?

ஆனாலும், அலுத்துப்போய் விட்டுவிடக் கூடாது. விட்ட காசு கஜானாவில்தான் தங்கும். ஆகவே, தோழர்கள் செய்ய வேண்டியவை:

ஒன்று: வேறு ஆலையில் சேர்ந்தால் பண்டை எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பழைய சர்வீசும் ஐந்தாண்டில் சேரும்.

இரண்டு: எடுத்தே தீர வேண்டுமென்றால் பான் எண்ணை இணைத்து, வரி பிடிக்க வேண்டாமென்னும் உறுதிமொழிப் படிவத்தையும் கொடுங்கள். நெடுங்காலம் 15ஜி என்று வழங்கிய படிவம் அது.

மூன்று: ஆலை மூடல், உடல்நலக்கேடு போன்று தொழிலாளியின் கையில் இல்லாத காரணத்தால் வேலை போனால், ஐந்தாண்டு ஆகாவிட்டாலும் வரி இல்லை. எனவே, ஆட்குறைப்பு செய்துவிட்டுத் “தானாக விலகினார்” என்று நிர்வாகம் எழுத இடம் கொடுக்காதீர்கள்.

நான்கு: பிடித்துவிட்டார்களா? காலக்கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டு வாங்குங்கள். சங்க அலுவலகங்கள் இதற்கென ஒரு மேஜை போட வேண்டும். பள்ளி இறுதி படித்த இளைஞர்கள் கை கொடுக்க வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கோ பிடிப்பதற்கும் பண்டு இல்லை. வயதான காலத்துக்கு அவனுக்கும் ஒரு நிதி வேண்டுமென்று கேட்பது ஆலைத் தொழிலாளியின் கடமை. இருவரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாமே!

போராடினால் நடக்குமா? நடந்திருக்கிறது. 2016 பட்ஜெட்டில் பண்டுப் பணத்தின் அறுபது சதத்துக்கு வரி என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியது, மார்ச் 8 அன்று வாபஸ் வாங்கினார்கள். முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்கக் கூடாதென்று விதி போட்டார்கள், ஏப்ரலில் பெங்களூர் ஆயத்த ஆடைப் பெண் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள், விதி ரத்தாயிற்று.

ஆகவே நம் கோரிக்கை இதுதான்: வரி வரம்புக்குக் கீழே உள்ள தொழிலாளியின் பண்டில் ஒரு காசும் பிடிக்காதே! பிடித்ததை அவன் மனுப் போடாமலே திருப்பிக் கொடு!