படம் பார்க்குமுன் பாடம் வேண்டுமா?

"கலை தானே பேச வேண்டும், அதற்கு உரையாசிரியர் எதற்கு?" என்று கல்முனையில் எங்கள் இலக்கிய வட்டத்து அன்பர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. ஆயினும் என் அநுபவம் வேறு விடை தருகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் இல்லத்தில், கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்சலோபவுலோஸ் 1975இல் வெளியிட்ட 'ஓ தியாசோஸ்' (நாடகக் குழு) என்னும் படத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம். நடிகர் சிலர் ஊர் ஊராய் அலைகின்றனர். யாரோ யாரையோ சுடுகின்றனர். பாதியில் உறங்கிவிட்டேன். மறுநாள் வகுப்பில், "அது பார்க்கத் தகாத சோம்பற் படம்" என்று தீர்ப்பும் கூறினேன். ஆசிரியர் சொல்லை நம்பிய மாணவர் எவரும் பின்னர் அதனைத் தேடவில்லை.

பிறகு கிரேக்க வரலாற்றைச் சிறிது கற்றேன். 1936இல் மெதக்சாஸின் சர்வாதிகாரம். 1941இல் ஜெர்மானியப் படையெடுப்பு. 1944 டிசம்பரில் ஏதென்ஸ் வீதிகளில் போர். 1946 முதல் 1949 வரை உள்நாட்டு யுத்தம். அகமெம்னன் குடும்பத்துப் பழங்கதையையும் படித்தேன். மீண்டும் படத்தைப் பார்த்தபோது உறக்கம் வரவில்லை. தந்தையைக் காட்டிக்கொடுத்தவனையும் அவனோடு கூடிய தாயையும் ஓரெஸ்டஸ் நாடக மேடையிலேயே சுட்டுக் கொல்கின்றான். அவையோர் அதனை நடிப்பென்று எண்ணிக் கைதட்டுகின்றனர். பழங்கதையை அறிந்த எனக்கு அக்கைதட்டல் நடுக்கம் தந்தது. வேறொரு காட்சியில், 1946 புத்தாண்டு இரவில் வீதியில் நடக்கத் தொடங்குவோர், காட்சி அறுபடாமலே, 1952ஆம் ஆண்டுத் தேர்தற் கூட்டத்தைச் சென்றடைகின்றனர். உள்நாட்டு யுத்தத்தில் வென்றவர் யார் என்பதை அந்நடையே சொல்லிவிடுகின்றது. முதன்முறை அதனை வெறும் நடையென்றே கண்டேன்.

நம்மூரையே எண்ணிப் பாருங்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறுவதை ஏதென்ஸ் நகரத்தார் ஒருவர் திரையிற் கண்டால், துணியொன்று காற்றில் அசைவதையே காண்பார். நாகூர் ஆண்டகையைப் பற்றி அவருக்கு யாரேனும் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தந்தை படும் பாடும், நமது தாய்வழிக் குடிமுறையை அறியாதவர்க்கு விளங்காது. விடிய விடியக் கூத்துப் பார்ப்போர் பாரதக் கதையை முன்பே அறிந்தவர்கள். அவ்வறிவு பாட்டிமார் வாயிலாக வந்தமையால், அதனைப் பாடம் என்று நாம் கருதுவதில்லை, அவ்வளவே.

அயலூராகிய காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில், ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என அழைத்து, அவர் நாடகங்களை நாடக இலக்கணத்தோடு தமிழர்க்கு விளக்கினார். கலையும் விளக்கமும் பகையல்ல என்பதற்கு அந்நூலே சான்று.

பண்டிதரான பின்னரே படம் பார்க்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அளவு மீறிய குறிப்பு படத்தைப் பரீட்சை வினாத்தாளாக்கிவிடும். கதையின் முடிவையும் சொல்ல வேண்டுவதில்லை. கால வரிசை, பழங்கதை ஒன்று, யார் யாரோடு பகைத்தனர் என்ற செய்தி: கால்மணி நேரப் பேச்சு போதும்.

அன்று என் சொல்லைக் கேட்ட மாணவர்க்கு நான் கடன்பட்டவன். ஆகவே ஆசிரிய நண்பர்களை வேண்டுகின்றேன்: இத்தகைய படத்தைத் திரையிடும் நாளில், கரும்பலகையில் நான்கு ஆண்டுகளை எழுதிவிட்டு, அதன்பின் விளக்கை அணையுங்கள்.