மேட்டுக்கு இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்!



ஏலக்காய் தெரியும்தானே? பாயசம் குடிக்கும்போது பல்லில் கடிபட்டால் முகத்தைச் சுளிப்பீர்களே, அதேதான்! அந்த ஏலக்காய்க்குப் பேர் போன ஊர், தேனி மாவட்டத்தில் இருக்கும் போடிநாயக்கனூர். மலையில் விளைகிற காய், போடிக்கு வந்து ஏலத்தில் விலை போகிறது.

காயும் ஏலம், விற்பனையும் ஏலம்! இரண்டும் ஒரே சொல் என்று நினைத்துவிடாதீர்கள். காயின் பெயர் நம் மலைப்பக்கத்துப் பழைய சொல். விலை கேட்டு விற்கிற 'ஏலம்', போர்ச்சுகீசியர்களோடு கப்பலேறி வந்த 'லெய்லாவ்' என்ற சொல்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். விஞ்ஞானிகள் ஏலக்காய்ச் செடிக்கு வைத்திருக்கும் பெயர் 'எலெட்டேரியா கார்டமோமம்'. 'எலெட்டேரியா' என்பது ஏதோ வெளிநாட்டுச் சொல் போலத் தோன்றுகிறது அல்லவா? அது கேரளத்து மக்கள் பேசிய 'ஏலத்தரி' என்ற சொல்! 17-ஆம் நூற்றாண்டில் வான் ரீட் என்ற டச்சு அதிகாரி, உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்தப் பக்கத்துச் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற நூலை வெளியிட்டார். அதில் ஏறிய உள்ளூர்ப் பெயர், பிறகு அறிவியல் பெயராகவே ஆகிவிட்டது.

வீட்டில் பேசுகிற ஒரு சொல், உலகத்து விஞ்ஞானப் புத்தகத்துக்கே போயிருக்கிறது. ஆனால் அதே வீட்டுப் பேச்சு நம் வகுப்பறைக்குள் வந்தால் என்ன ஆகிறது?

போடிப் பக்கத்து வகுப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பலருக்கு வீட்டிலும் தமிழ்தான். சிலர் வீட்டில் பாட்டியோடு பேசுவது தெலுங்கு. சிலர் வீட்டில் கன்னடம். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி போன்ற ஊர்களில் முதுவர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று அவர்கள் கதை சொல்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. தமிழுக்கு நெருக்கமானது, மலையாளச் சாயலும் கொண்டது. எழுத்து மட்டும் கிடையாது.

அந்த மலையிலிருந்து ஒரு சிறுமி புதிதாக உங்கள் வகுப்பில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். அவளுக்குப் பதில் தெரியும். எழுந்து, வீட்டில் சொல்வது போலவே சொல்கிறாள். பின்பெஞ்சில் ஒருவன் 'களுக்' என்று சிரிக்கிறான். பிறகு வகுப்பே சிரிக்கிறது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. தெரிந்த பதிலையும் சொல்வதில்லை. 'மக்கு' என்று பெயர் வாங்குகிறாள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்கே வராமலும் போகலாம்.

சிரித்தவன் கெட்டவனா? இல்லை. தன் பேச்சுதான் சரியான பேச்சு என்று நினைத்துவிட்டான், பாவம்! அவனை ஜீப்பில் ஏற்றி, முந்தலைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் போடிமெட்டுக்குக் கூட்டிப் போவோம், வாருங்கள்.

மெட்டில் ஒரு சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. தினமும் விடியற்காலையில் நம் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக அம்மாக்களும் அக்காக்களும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் ஏராளம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் நிறைய வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. அங்கே பெரும்பான்மை மொழி மலையாளம். தமிழ், சிறுபான்மை மொழி. இப்போது நம் பின்பெஞ்ச் நண்பன், மலையாளம் பேசுகிற ஒரு வகுப்பில் எழுந்து தமிழில் பதில் சொன்னால்? அங்கேயும் ஒரு பின்பெஞ்ச் இருக்குமே!

சிரிப்பு இப்போது யார் பக்கம் திரும்பிவிட்டது, பார்த்தீர்களா? பையன் அதே பையன்தான். பேச்சும் அதே பேச்சுதான். ஒரு மெட்டைத் தாண்டியதும் 'பெரிய' மொழி 'சின்ன' மொழி ஆகிவிட்டது!

இது நடக்கும் என்று பெரியவர்கள் அன்றே யோசித்தார்கள். அதே 1956-இல் நம் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்க, ஒவ்வொரு மாநிலமும் வசதி செய்து தர முயல வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழில் பாடப்புத்தகங்களும் அச்சாகின்றன. அவை தொடர வேண்டும், போதுமான தமிழ் ஆசிரியர்கள் வேண்டும் என்று அங்குள்ள பெற்றோர்கள் விரும்புகிறார்கள். நியாயம்தானே?

அப்படியானால் மெட்டுக்கு அந்தப் பக்கம் நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்கும் மரியாதையை, இந்தப் பக்கம் முதுவர் வீட்டுப் பிள்ளைக்கும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் நாம் தர வேண்டாமா? ஏலத்தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருப்பவர்களின் பிள்ளைக்கும் தர வேண்டாமா?

"அப்படியென்றால் அவர்கள் தமிழே படிக்க வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகப் படிக்க வேண்டும்! பேருந்துப் பலகை முதல் பெரிய பெரிய நூல்கள் வரை வாசிக்கத் தமிழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2006-இல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். கேரளத்தில் 2017-இல் மலையாளத்தைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு மாநிலத்தில் வாழ்கிறவர் அந்த மாநில மொழியைக் கற்பது நல்லதுதான். எப்படிக் கற்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாததற்கு ஏற முடியும். வீட்டு மொழிதான் முதல் படி. முதல் படியை உடைத்துவிட்டு 'மாடிக்கு ஏறு' என்றால் குழந்தை எப்படி ஏறும்?

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவில் 2006 முதல் பழங்குடிக் குழந்தைகளுக்கு முதல் வகுப்பை அவர்கள் மொழியிலேயே தொடங்கி, மெல்ல மெல்ல ஒடியாவுக்கு அழைத்துப் போகிறார்கள். நம் மெட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தின் இடமலைக்குடியில் வாழ்பவர்களும் முதுவர்களே. 2010-இல் அமைந்த அந்த ஊராட்சிதான் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்குள்ள பள்ளியில் முதுவர் மொழிச் சொற்களைத் திரட்டி, அவற்றின் துணையோடு மலையாளம் கற்பிக்க அண்மையில் முயன்றிருக்கிறார்கள்.

வீட்டு மொழியைக் கைவிட்டால் என்ன ஆகும்? அந்தமானில் 'போ' என்றொரு மொழி இருந்தது. அதைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர், போவா சீனியர் என்ற மூதாட்டி. தம் மொழியில் பேச அவருக்குத் துணையே இல்லை. 2010 ஜனவரியில் அவர் இறந்தார். அவரோடு ஒரு மொழியும் போய்விட்டது. ஒரு மொழி போனால் அதில் இருந்த காட்டுச் செடியின் பெயர், மருந்தின் பெயர், தாலாட்டு, கதை எல்லாமே போய்விடும். நம் மலையில் இன்னும் எத்தனை 'ஏலத்தரி'கள் எழுதப்படாமல் கிடக்கின்றனவோ!

ஆகவே குட்டிகளே, இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் பாட்டி, தாத்தா மட்டுமே சொல்லி, பாடப்புத்தகத்தில் நீங்கள் பார்க்காத பத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பொருளையும் எழுதுங்கள். வேறு மொழி பேசும் நண்பன் பக்கத்தில் இருந்தால், "உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு அவன் சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டி, கரும்பலகையில் ஒரு ஓரம் கேளுங்கள். தினம் ஒரு சொல் அங்கே ஏறட்டும்.

அப்புறம், வகுப்பில் யாராவது தன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால், சிரிக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள். நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு மெட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். சரிதானே?

அன்புடன்,
ஆசிரியர்