டிராக்டர் வாங்குவோர் விலையை மட்டும் பார்த்தால் போதாது

உழவு மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும் விவசாயியை ஏமாற்றுவது எளிதல்ல. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; சுழி பார்ப்பார்; நடக்கவிட்டுப் பார்ப்பார். அதே விவசாயி, மாட்டைப்போல் பல மடங்கு விலையுள்ள டிராக்டரை வாங்கும்போது, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை ஓட்டி வருகிறார். இந்தப் பழக்கம் மாறியாக வேண்டும்.

பேரம் பேசுவோர் பெரும்பாலும் விலைக் குறைப்போடு நின்றுவிடுகிறார்கள். விலையில் பத்தாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்த கடைக்காரர், பழைய டிராக்டரின் மதிப்பிலோ, இன்சூரன்சிலோ, கடனிலோ அதை எடுத்துவிட முடியும். ஆகவே வண்டி விலை, வரி, பதிவுச் செலவு, இன்சூரன்சு, பழைய வண்டியின் மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் இப்படி வாங்கினால்தான் ஒப்பிட முடியும். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது பில்லில் தெரிகிறதா என்று பார்ப்பது அவசியம். இன்சூரன்சைக் கடைக்காரர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

பெரிய நஷ்டம் ஏற்படுவது கடனில்தான். ஐந்து லட்சம் ரூபாய் கடனை ஐந்து ஆண்டுகளில், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால், மொத்த வட்டி சுமார் 1,47,500 ரூபாய். கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடும் 'பிளாட்' முறையில் அதுவே 2,50,000 ரூபாய் ஆகிவிடும். சொல்லும் வட்டி விகிதம் ஒன்றே. வித்தியாசமோ லட்சத்துக்கு மேல்! விலையில் அரைநாள் வாதாடிக் குறைத்த தொகை இதற்கு ஈடாகுமா?

சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத் தாளை, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. டிராக்டர் கடனுக்கும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ கையெழுத்திடுவது ஆபத்து. கடன் தீர்ந்ததும் தடையின்மைச் சான்று பெற்று, பதிவுப் புத்தகத்திலுள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளவும் மறக்கக் கூடாது.

வண்டியைப் பொறுத்தவரை, என்ஜினின் குதிரைச் சக்தியை மட்டும் கேட்டு மயங்குவதில் பயனில்லை. சுழல் கலப்பையை ஓட்டுவது பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் சக்தி. அது என்ஜின் சக்தியைவிடக் குறைவாகவே இருக்கும். மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்திய அரசுப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கையில் இந்த அளவுகள் கிடைக்கும். உற்பத்தியான மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். கிடங்கில் கிடந்த பழைய ஆண்டு வண்டிக்குப் பின்னால் விற்கும்போது மதிப்புக் குறையும். ஆகவே வாங்கும்போதே அதற்குரிய தள்ளுபடி கேட்பது நியாயம்.

விற்பனையாளர் எல்லோரையும் குறை சொல்வதற்கில்லை. நாணயமானவர் எதையும் எழுதித் தரத் தயங்கமாட்டார். தயங்குபவரிடம் வாங்காமலிருப்பதே மேல். ஏமாற்றப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சுயமாக உழைத்துப் பிழைப்பதற்கென்றே டிராக்டர் வாங்கும் விவசாயியும் சட்டப்படி நுகர்வோரே. 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் அங்கே பேசுவது காகிதம்தான், வாய்ச்சொல் நிற்காது.

மழை விழுந்து, உழவுக்கு அவசரம் வந்த பிறகு கடைக்குப் போனால் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியாது. கோடையிலேயே விசாரிக்கத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். தவணை தவறினால் டிராக்டர் மட்டுமல்ல, ஈடு வைத்த நிலமும் கைவிட்டுப் போகக்கூடும். அதை எண்ணிப் பார்த்தால், கடைவாசலில் ஒருநாள் கூடுதலாகக் காத்திருந்து கணக்குக் கேட்பது வீண் வேலையாகாது.